அம்மாவுக்குத் தலைசுற்றல் இல்லை

அன்புள்ள பட்டாணிக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சுகமாக இருக்கிறாய் என்ற நினைப்பில் எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். எல்லாக் கடிதத்திலும் வருகிற வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே, நின்று படி. அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தலைசுற்றல் இல்லை. இதற்கு முன்பும் இருந்ததில்லை. போன மாதம் நீ வீடியோவில் கூப்பிட்டு அம்மா முகம் ஏன் இப்படி இருக்கு என்று கேட்டாயே, அவள் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு தலைசுற்றல் என்று சொன்னவன் நான். பொய் சொன்னேன். அந்தப் பொய் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து, அவள் திரும்பப் போக ஆசைப்பட்ட வேலையை அவள் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் ஒரு கேள்வி கேட்பாய், நான் அதைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் ஓடிவிடுவேன், கடைசியில் நீ சிரித்துக்கொண்டு போனை வைப்பாய். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். இருபத்தொரு வயதில் உனக்கு அப்பாவானவன், உன்னோடு கடைக்குப் போனால் இன்னும் உன் அண்ணனா என்று கேட்கிறார்கள், அந்தச் சலுகையை வைத்தே உன்னிடம் பாதித் தப்புகளைச் சிரித்து மழுப்பியிருக்கிறேன். காகிதத்தில் அது முடியாது. எழுதினால் எழுதினதுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன், வளைத்து எழுத எனக்கு வராது.

உன் பழைய அறையில் நான் செய்து வைத்திருக்கிற சிமுலேட்டரை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். என்னப்பா மசாஜ் நாற்காலியா என்று கேட்டாய். நீ ஊருக்குப் போன பிறகு சாயங்காலங்களில் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, தொழிற்சாலையில் பழுதுக்கு வருகிற அதே மாதிரி மோட்டார்களை வாங்கி ஆரம்பித்தேன். ஒரு ரேஸ் கார் சீட், அதன் நான்கு மூலையிலும் ஏறி இறங்குகிற மோட்டார் தூண்கள், முன்னால் வளைவாக மூன்று திரை, ஸ்டியரிங், பெடல். திரையில் கார் வளைந்தால் சீட் சாயும், பிரேக் போட்டால் முன்னால் தள்ளும், ரோட்டில் மேடு வந்தால் முதுகெலும்பில் தெரியும், சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். வீட்டை விட்டுக் கிளம்பாமலே கார் ஓட்டுகிற மாதிரி. சும்மா விளையாட்டுக்குத்தான் செய்தேன். உன் அலமாரியைத் தொடவில்லை, கட்டிலை மட்டும் மடித்துச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறேன், நீ வரும்போது மறுபடி விரித்துவிடலாம்.

அம்மா இதில் உட்காருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த மழைநாளில் தண்ணீர்த்தொட்டி வளைவில் லாரி எதிரே வந்து, ஆபீஸ் கார் வழுக்கிக் கம்பி வேலியில் மோதியதிலிருந்து அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸை ஆபீசில் உட்காரவைத்து, மற்ற நர்ஸ்கள் யார் வீட்டுக்குப் போவது என்று போனில் சொல்லுகிற வேலை கொடுத்துவிட்டார்கள். அந்த வேலையை அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் சாப்பிடும்போது யாராவது ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள், அந்தப் பெரியவருக்குப் புண் ஆறிச்சோ இல்லையோ, புதுசா போற பொண்ணு கட்டை இறுக்கிக் கட்டறாளாம் என்று. நம் காரில் போய் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டு, நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு வருவாள். பெட்ரோல்தான் வீண் என்று நான் சொல்லியிருக்கிறேன். இதையும் தெரிந்துகொள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து, நகருங்க நான் பாக்கறேன் என்று சிமுலேட்டரில் ஏறினாள். அகலமான ரேஸ் பாதை, நல்ல வெயில், சீட்டின் ஆட்டத்தைக் குறைவாக வைத்துக் கொடுத்தேன். நீ பார்த்திருக்க வேண்டும். ரேஸ் காரை ஸ்கூல் வாசலில் ஓட்டுகிற மாதிரி ஓட்டினாள். பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாகச் சீறிக்கொண்டு தாண்டினபோது, எங்கடா பறக்கறீங்க வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா என்று திரையைப் பார்த்துத் திட்டினாள். திரும்புவதற்கு முன் இண்டிகேட்டர் எங்கே என்று கேட்டாள், ரேஸ் காரில் அதெல்லாம் கிடையாது என்றேன், அப்ப பின்னாடி வர்றவனுக்கு எப்படித் தெரியும், ஜாதகம் பாத்துத் தெரிஞ்சுக்குவானா என்றாள். கடைசி ஆளாக வந்து, இறங்கி, எல்லாருக்கும் வழி விட்டது நான் ஒருத்திதான் என்று பெருமை வேறு. அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும் ஓட்ட ஆரம்பித்தாள். தானாகவே ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டாள். ஒரு வாரம் ஈரத் தரையில்கூட ஓட்டினாள். ஆபீசில் தலைமை நர்ஸிடம் போய், சீக்கிரம் மறுபடி கார் கேட்பேன் என்று சொல்லிவிட்டும் வந்திருக்கிறாள். அவள் போன வழி சரியான வழி. நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலே போதும்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் தொழிலில் ஒரு மெஷின் எப்போதாவது ஒரு தடவை நின்றுபோகிறது என்றால், முதலில் அதை நம் கண் முன்னால் மறுபடி நிற்க வைப்போம். எந்தச் சூழ்நிலையில் நின்றதோ அதே சூழ்நிலை, அதே வேகம், அதே பாரம். பழுது மறுபடி வந்தால்தான் பழுதைப் பிடிக்க முடியும். இதை நான் உன் அம்மாவிடம் செய்தேன்.  நம் காரில் போனைக் கட்டி அந்தத் தண்ணீர்த்தொட்டி வளைவில் போய்வந்து ரோட்டின் குலுக்கலைப் பதிந்துகொண்டேன். வளைவை அளந்து வரைந்தேன். கம்பி வேலி வைத்தேன். மழை வைத்தேன். லாரி வைத்தேன். மஞ்சள் தண்ணீர்த்தொட்டியைக்கூட அதே மஞ்சளில் வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் முன்கூட்டியே பயப்படுவாள், சோதனை சுத்தமாக வராது என்று நினைத்தேன். சோதனை என்றுதான் நினைத்தேன், அந்த வார்த்தையே என் மனதில் இருந்தது. இன்னொன்றும் செய்தேன். சீட்டின் கைப்பிடியில் ஒரு சிவப்பு பட்டன் இருக்கிறது, அதைத் தட்டினால் எல்லா மோட்டாரும் அந்த நொடியே நின்றுவிடும். முன்பு ஒரு நாள் அவள் முழங்கை அதில் பட்டு ஓட்டம் நடுவில் நின்றுபோனது, அதனால் அன்றைக்கு அதைக் கழற்றி என் மேஜைக்குக் கொண்டுவந்து, லேப்டாப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மெஷினில் இருக்கிற ஆளுக்கு எட்டாத இடத்தில் இந்த மாதிரிப் பட்டனை வைத்தவனை நான் தொழிற்சாலையில் எல்லார் முன்னாலும் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறேன். உள்ளே இருக்கறது உன் பொண்டாட்டியா இருந்தா இப்படி வைப்பியா என்று கேட்டிருக்கிறேன். அதே வார்த்தைகளில்.

அவள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இன்னிக்கு எந்த ஊரு என்று சிரித்துக்கொண்டேதான் கிளம்பினாள். மஞ்சள் தொட்டி தெரிந்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். ஸ்டியரிங்கை விட்டுவிட்டாள். விட்டதும் கார் வழுக்கியது, சீட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஸ்டியரிங் தானாகச் சுற்றி அவள் கட்டை விரலில் அடித்தது. நிறுத்துங்க என்றாள். கைப்பிடியில் பட்டனைத் தேடித் தட்டினாள், அங்கே இல்லை. நிறுத்துங்க நிறுத்துங்க என்று கத்தினாள். நான் லேப்டாப்பில் மோட்டார்களின் ஆட்டத்தைக் காட்டுகிற கிராஃபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம்தான், முடியப்போகிறது, இப்போது நிறுத்தினால் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று நினைத்தேன். இந்த இடத்தில் முதலில் நான் தாமதமாகத்தான் பட்டனை அழுத்தினேன் என்று எழுதியிருந்தேன். அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். நான் அழுத்தவே இல்லை, பட்டாணி. கார் வேலியில் மோதி, சீட் குலுங்கி, ஓட்டம் முடிந்து, மோட்டார்கள் தாமாக மெதுவாக இறங்கி நின்றன. அவள் பெல்ட்டைத் தானே கழற்றினாள். பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தாள். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, நல்லா வந்திருக்கு, இன்னும் ரெண்டு தடவை பண்ணினா பயம் போயிடும் என்று சொன்னேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, நான் கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சா என்று மட்டும் கேட்டாள். கேட்டுச்சு என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சரியில்தான் எனக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ கூப்பிட்டாய். நான் தலைசுற்றல் என்றேன். அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு உன்னைப் பார்த்து ஆமாம்மா லேசா என்றாள். உன் முன்னால் என்னைக் காப்பாற்றினாள். நீ என்ன செய்வாய், பயந்துபோய்ப் பெரியம்மாவிடம் சொன்னாய். பெரியம்மாவைப் பற்றித்தான் தெரியுமே, தங்கை மேல் இருக்கிற பாசத்தில், தன்னோடு படித்தவர்தான் என்ற உரிமையில் தலைமை நர்ஸுக்கே போன் போட்டு, என் தங்கச்சிக்குத் தலை சுத்துது, அவ கேட்டாலும் காரைக் கொடுத்துடாதே என்று சொல்லிவிட்டாள். யாரையும் குறை சொல்லவில்லை, இரண்டு பேரும் நல்லதைத்தான் செய்தீர்கள், கெட்ட சரக்கை வைத்துக்கொண்டு செய்தீர்கள், சரக்கு என்னுடையது. அடுத்த வாரமே ஆபீசில் அம்மாவைக் கூப்பிட்டு, இனி நிரந்தரமாக ஆபீஸ் வேலைதான், வீடுகளுக்குப் போகிற இடத்துக்கு வேறு ஆளைப் பார்க்கப்போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் வீட்டுக்கு வந்து பையை மாட்டிவிட்டு என்னிடம் கேட்டாள், என் தலைசுத்தல் எப்பக் குறையும்னு நீங்களே சொல்லிடுங்க, எனக்குத் தெரியலை. அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், நானும் பதிலுக்கு உயர்த்தியிருப்பேன்.

அப்போதாவது உண்மையைச் சொல்லக் கிளம்பினேனா என்றால் அதுவும் இல்லை. தலைசுற்றலுக்குப் பார்க்கிற காது டாக்டரிடம் போய் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம் என்றேன். இல்லாத வியாதி குணமாயிடுச்சுன்னு எந்த டாக்டர் எழுதித் தருவார் என்று கேட்டாள். நீயே ஆபீசில் உண்மையைச் சொல்லிவிடேன் என்றேன். எம் புருஷன் என்னை வச்சு சோதனை பண்ணினார்னு நான் போய்ச் சொல்லணும், அதுவும் என் வேலையா, அதைக் கேட்டு எம் பொண்ணு நாளைக்கு உங்க மூஞ்சில முழிப்பாளா என்றாள். 

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நானே அந்த ஆபீசுக்குப் போனேன். கை கழுவுகிற மருந்து வாசனை, சுவரோரம் எடை பார்க்கிற மெஷின், ஒரு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி. தலைமை நர்ஸ் கையுறைப் பெட்டிகளை அளவு வாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், பட்டனையும் சேர்த்து. பக்கத்து மேஜைப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள், அந்தச் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, நீங்க இங்க வந்திருக்கறது உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். ஏன் சார், அன்னிக்கும் அவங்களுக்குத் தெரியாம, இன்னிக்கும் அவங்களுக்குத் தெரியாமலா, அவங்க அக்கா சொல்லி நான் காரை நிறுத்தினேன், இப்ப வீட்டுக்காரர் சொல்லிக் காரைக் கொடுக்கணுமா, ரெண்டு தடவையும் அவங்களை யாருமே ஒரு வார்த்தை கேக்கலை, என் மேலயும்தான் தப்பு என்றார். அங்கே நான் ஏதோ தைரியமாகப் போய் நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வரும்போது காதெல்லாம் சுட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எதிர்பார்த்த மாதிரியே கோபம் வந்தது, இந்தத் தடவை குரல் உயர்ந்தது, நன்றாகவே உயர்ந்தது, எதிர் வீட்டு நாய்கூட அமைதியாகிவிட்டது. எதையாவது ஒரு தடவையாவது என்னைக் கேட்டுட்டுச் செய்வீங்களா, நான் என்ன உங்க தொழிற்சாலையில நிக்கற மெஷினா, போல்ட்டைத் திருகிப் பாக்கறதுக்கு என்றாள். இல்லை என்றேன்.  மறுநாள் தலைமை நர்ஸே அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் தன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டட்டும், ஓட்டினால் பழைய இடம், ஓட்ட முடியவில்லை என்றால் ஆபீஸ், அதுவரை வேறு ஆள் போடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஓட்டுவாளா என்று எனக்குத் தெரியாது. நான் கெடுத்ததற்குப் பிறகு பஸ் ஒரு வளைவில் வேகமாகத் திரும்பினாலே முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள், அதை என் கண்ணால் பார்த்தேன். முன்பு அதுகூட இருந்ததில்லை. அவள் ஏறியிருந்த படிகளிலிருந்து நான் இழுத்துக் கீழே விட்டிருக்கிறேன், இதுதான் கணக்கு, இதில் பெருக்கவும் கழிக்கவும் எனக்கு ஒன்றுமில்லை.

சிமுலேட்டரைப் பிரித்துப் போட்டுவிடுகிறேன் என்று ஸ்பேனரை எடுத்தேன். யார் பிரிக்கச் சொன்னது, ஒண்ணு ஓட்டி உயிரை வாங்கறது, இல்லேன்னா உடைச்சுப் போடறது, நடுவுல ஒண்ணும் தெரியாதா என்று அதையும் தடுத்துவிட்டாள். அந்த வளைவை அழித்துவிடச் சொன்னாள், அவள் எதிரிலேயே அழித்தேன். பட்டனைக் கைப்பிடியில் மறுபடி மாட்டச் சொன்னாள், மாட்டினேன். தானே உட்கார்ந்து பல தடவை தட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, எழுந்திருங்க, வெளியே போங்க, நான் ஓட்டும்போது இந்த ரூமுக்குள்ள நீங்க இருக்கக்கூடாது என்றாள். இப்போது அப்படித்தான். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள், நான் ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். சில நாள் ஒரு சத்தமும் வராது, சீட்டில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவாள் போலிருக்கிறது. கேட்பதில்லை.

உனக்கு எழுதப்போகிறேன், எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.  எழுதுங்க, ஆனா நான் மன்னிச்சுட்டேன்னு எழுதிடாதீங்க என்றாள். எழுதவில்லை. நீயும் எனக்காக அவளிடம் பரிந்து பேசாதே, அப்பா பாவம்மா என்று ஆரம்பிக்காதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. என் மேல் கோபம் வந்தால் கோபப்படு, போனை எடுக்கத் தோன்றாவிட்டால் எடுக்காதே, காத்திருக்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பெரியம்மாவிடம் தலைசுற்றல் கதை பொய், அப்பா சொன்ன பொய் என்று சொல்லிவிடு. நான் சொன்னால் அவள் தங்கைக்காகச் சமாளிக்கிறேன் என்றுதான் நினைப்பாள், உன்னை நம்புவாள்.

காலையில் இந்தக் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன், உள்ளே மோட்டார் சத்தம் கேட்டது. அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள், வேகமாக இல்லை, ஆனால் ஓட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று பட்டனைத் தட்டுகிற சத்தம், எல்லாம் நின்றுவிட்டது. நான் கதவு வரைக்கும் போய்விட்டேன், கதவைத் தட்டக் கை தூக்கியபடி நிற்கிறது. ஏதாவது கழன்றிருக்குமோ, கை இடித்துக்கொண்டாளோ, ஆட்டத்தை என்ன அளவில் வைத்தாள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் கூப்பிடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். இவ்வளவு வருஷத்தில் எனக்கு இதைவிடக் கஷ்டமான வேலை வந்ததில்லை. வெகுநேரம் கழித்து மோட்டார்கள் மறுபடி ஏறுகிற சத்தம் கேட்டது.

உன் அறை ஹீட்டரையும் கெட்டிலையும் ஒரே பிளக்கில் சொருகாதே, வயர் தொட்டால் சுடுகிறதா பார். படிப்பும் வேலையும் எதுவாக இருந்தாலும் உனக்கு நல்லபடியாக அமையட்டும், உன்னோடு இருப்பவர்கள் உன் பேச்சைக் காதில் வாங்குகிறவர்களாக அமையட்டும், என் ஆசீர்வாதம் அவ்வளவுதான். பெரியம்மாவுக்குச் சொல்ல மறக்காதே. இனி நீ கூப்பிடும்போது அம்மா பக்கத்தில் நான் இருப்பது தெரிந்தால், அப்பா கொஞ்சம் வெளியே போங்க என்று சொல். போய்விடுவேன்.

உன் முகத்தை நேராகப் பார்க்க இன்னும் தைரியம் வராத,
உன் அப்பா